விபத்து வழக்குகளில் நிபுணர் சாட்சியம்: பஞ்சாயத்தார் அறிய வேண்டுவன

ஏரும் இறைகூடையும் மட்டுமே உழவரின் கருவிகளாக இருந்த காலத்தில் வயலில் நேரும் விபத்துக்கள் சிலவே. மாடு முட்டியதா, பாம்பு தீண்டியதா, வெள்ளம் இழுத்துச் சென்றதா என்பதை ஊரில் யாரும் சொல்லிவிடலாம். இன்று நிலைமை வேறு. கூத்தாநல்லூரைச் சூழ்ந்த வெண்ணாற்றுப் பாசன ஊர்களில் மின்கம்பி எட்டாத கிராமம் இல்லை. பம்ப் செட்டும், கதிரடிக்கும் இயந்திரமும், பூச்சிமருந்தும் உழவுத் தொழிலின் அங்கங்கள் ஆகிவிட்டன. இவை உழைப்பைக் குறைத்து விளைச்சலைப் பெருக்கின. அதே சமயம் கண்ணுக்குத் தெரியாத அபாயங்களையும் உடன் கொண்டு வந்தன.

விபத்தில் உயிரோ உறுப்போ இழந்த குடும்பம் ஈடு கோரி நீதிமன்றம் செல்லும்போது, அதன் துயரம் உண்மையானது என்பதனால் மட்டும் வழக்கு வெல்வதில்லை. விபத்து எதனால் நேர்ந்தது, அதற்குப் பொறுப்பாளி யார் என்ற இரு கேள்விகளுக்கும் விடை வேண்டும். இரண்டாவது கேள்விக்குச் சட்டம் விடை கூறும். முதற் கேள்விக்கு விடை காண நீதிமன்றத்துக்கும் வக்கீலுக்கும் துணை நிற்பவரே நிபுணர் சாட்சி ஆவார். அவர் செய்யும் பணி யாது, அதற்கு ஊரார் செய்து வைக்க வேண்டிய முன்வேலை யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிபுணர் சாட்சி என்பவர் யார்?

சாதாரணச் சாட்சி தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கூறலாம். "கம்பி அறுந்து கிடந்ததைப் பார்த்தேன்" என்று அவர் சொல்லலாம். "கம்பி துருப்பிடித்துப் போனதால் அறுந்தது" என்று அவர் சொன்னால் அது ஊகம். நீதிமன்றம் அதனை ஏற்காது. அவ்வாறு காரணம் கூறி அபிப்பிராயம் சொல்லும் உரிமை, அத்துறையில் தனிப் பயிற்சியும் அனுபவமும் பெற்ற ஒருவருக்கே உண்டு.

நம் நாட்டில் இதற்கு இடம் தந்தது 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவாகும். 1-7-2024 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 39-ஆம் பிரிவு நிபுணர் அபிப்பிராயத்தைப் பற்றியது. முன்னர் விஞ்ஞானம், கலை, அயல்நாட்டுச் சட்டம், கையெழுத்து, விரல்ரேகை என்று துறைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. புதிய சட்டம் "வேறு எந்தத் துறையும்" என்னும் கருத்துடைய சொற்களைச் சேர்த்து வாயிலை அகலமாக்கியுள்ளது.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு டெல்டாவாசிகளுக்கு எளிதில் விளங்கக் கூடியது. இங்கிலாந்தில் நார்போக் மாகாணத்துக் கடலோரத்தில் வெல்ஸ் என்னும் சிறு துறைமுகம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே உவர்ச் சதுப்பு நிலத்தை மீட்பதற்காக ஒரு கரை எழுப்பப்பட்டது. கரையினால்தான் துறைமுகம் மண் மேவித் தூர்கிறது என்று ஒரு சாராரும், கரைக்கும் தூருக்கும் சம்பந்தம் இல்லை என்று மறு சாராரும் வழக்காடினர். புகழ் பெற்ற பொறியியலாளரான ஜான் ஸ்மீட்டன், நீரின் போக்கையும் மண் படிவதன் காரணத்தையும் ஆராய்ந்து சாட்சியம் சொல்ல வந்தார். அவர் நேரில் கண்டதைச் சொல்லவில்லை, அபிப்பிராயத்தையே சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. 1782-ல் நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு, இத்தகைய விஷயத்தில் விஞ்ஞானம் அறிந்தவரின் அபிப்பிராயமே சாட்சியம் ஆகும் என்று தீர்ப்பளித்தார். கரையும் தூரும் பற்றிய தகராறு ஒன்றிலிருந்து நிபுணர் சாட்சிய விதி வலுப் பெற்றது என்பது, வாய்க்கால் தகராறுகளிலே வளர்ந்த நமக்கு அந்நியமான செய்தி அன்று.

வக்கீலுக்கு நிபுணர் செய்யும் உதவி

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஐப்பசி மாதத்து இரவொன்றில் காற்றும் மழையும் அடித்து, மின்கம்பி அறுந்து வரப்பின் மேல் விழுகிறது. விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கச் சென்ற உழவர் அதனை மிதித்து உயிர் இழக்கிறார். காலை பத்து மணிக்குள் புதுக் கம்பி இணைக்கப்பட்டு மின்சாரம் வந்துவிடுகிறது. அறுந்த துண்டு பழைய சாமான்களோடு எங்கோ போய்விடுகிறது. ஓராண்டு கழித்து அவர் மனைவி ஈடு கோரும்போது, "இறந்தவர் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்க முயன்றார்" என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. இந்நிலையில் அவ்வம்மையாரின் வக்கீலுக்கு மின்துறை நிபுணர் நான்கு வகையில் உதவுவார்.

முதலாவது, வழக்குக்கு ஆதாரம் உண்டா என்று நேர்மையாகக் கூறுவார். ஆதாரம் இல்லாத வழக்கில் ஏழைக் குடும்பம் பணத்தையும் காலத்தையும் இழக்காதபடி காப்பதும் பேருதவியே.

இரண்டாவது, எந்தெந்தப் பதிவேடுகளைக் கேட்டுப் பெற வேண்டும் என்று சொல்லுவார். அந்த மின்பாதையில் கடைசியாகப் பராமரிப்பு நடந்த தேதி, துணை மின்நிலையத்தில் அன்றிரவு மின்தடை குறிக்கப்பட்ட நேரம், மின்மாற்றியில் இருந்த ஃபியூஸின் அளவு ஆகியவை வக்கீலுக்குத் தாமாகத் தோன்றமாட்டா.

மூன்றாவது, பொருள்களைச் சோதித்துக் காரணத்தை விளக்குவார். கம்பியின் முனை உருகித் திரண்டிருந்தால் தீப்பொறி பறந்ததன் அடையாளம். நீண்டு மெலிந்திருந்தால் இழுவிசையால் அறுந்ததன் அடையாளம். அரித்துப் போயிருந்தால் அதன் வயதும் கவனிப்பின்மையும் வெளிப்படும். கம்பி தொங்கிய உயரமும் ஒரு சான்றாகும். 11,000 வோல்ட் வரையுள்ள உறையிடாத கம்பி, தெரு அல்லாத இடத்தில் தரையிலிருந்து 4.6 மீட்டருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு விதிகளும் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் வகுத்தன. அளந்து காட்டினால் அதற்கு மறுப்பு இல்லை.

நான்காவது, எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு வக்கீலைத் தயார் செய்வார். கொக்கி போட்டதாகச் சொன்னால் அக்கொக்கி எங்கே, கம்பியில் அதன் தழும்பு எங்கே என்ற கேள்வி எழ வேண்டுமென்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

இவ்விடத்தில் சட்டத்தின் நிலையையும் அறிதல் நலம். மத்தியப் பிரதேசத்தில் மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியால் சைக்கிளில் சென்ற ஒருவர் மாண்ட வழக்கில், யாரோ மின்சாரம் திருடியதால் கம்பி கிடந்தது என்று மின்வாரியம் வாதிட்டது. 2002-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அபாயம் மிகுந்த பொருளைக் கையாளுபவர், கவனக் குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் ஈடு தரக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே பாதிக்கப்பட்டவரின் சுமை குறைந்துள்ளது. எனினும் இறப்பு அந்த மின்சாரத்தினால்தான் நேர்ந்தது என்பதை நிலைநாட்டும் கடமை இன்னும் வழக்காடுபவருடையதே. அங்கே மருத்துவரும் மின் ஆய்வாளரும் இன்றியமையாதவர்கள்.

நம் கடற்கரையில் நடந்த வழக்கு

நிபுணர் அறிக்கை ஒரு வட்டாரத்தின் குடிநீரையும் நிலத்தையும் காக்க எவ்வாறு உதவியது என்பதற்கு, நம் டெல்டாவின் கடற்கரையே சாட்சி. 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் நாகப்பட்டினம் பகுதிக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலங்களில் குட்டைகள் வெட்டிக் கடல்நீர் நிரப்பப்பட்டது. குடிநீர்க் கிணறுகள் உப்புக் கரித்தன என்றும், அடுத்த வயல்கள் பாழாயின என்றும் ஊரார் முறையிட்டனர். பண்ணைக்காரர்கள் அதனை மறுத்தனர்.

சர்வோதயத் தலைவரும் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவருமான திரு. எஸ். ஜகந்நாதன் 1994-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். ஊரார் சொல்லும் பண்ணைக்காரர் சொல்லும் முரண்பட்ட நிலையில், 1995-ல் கோர்ட்டார் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் நிபுணர்களை நேரில் சென்று பார்த்து அறிக்கை தருமாறு பணித்தனர். அவர்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் கடற்கரைப் பண்ணைகளைப் பார்வையிட்டனர். நிலத்தடி நீர் உவர்ப்பானதையும், கழிவுநீர் ஓடைகளில் விடப்பட்டதையும், விளைநிலம் குட்டைகளாக மாறியதையும் பதிவு செய்தனர். இத்தொழிலால் வரும் வருவாயை அதனால் நேரும் சேதம் மிஞ்சுகிறது என்றும் தெரிவித்தனர்.

11-12-1996-ல் வழங்கப்பட்ட தீர்ப்பு அவ்வறிக்கையைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. விளைநிலம், உப்பளம், சதுப்பு நிலக் காடு, கிராமப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குட்டைகளாக மாற்றக் கூடாது என்று உத்தரவாயிற்று. கேடு செய்தவரே ஈடு தர வேண்டும் என்னும் கொள்கையும் வலியுறுத்தப்பட்டது. பின்னர் 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் முறை மாறியது. ஆயினும் இவ்வழக்கு தரும் பாடம் மாறவில்லை. கிணறு உப்புக் கரிக்கிறது என்னும் ஊராரின் அனுபவம் உண்மையே ஆயினும், நீரைச் சோதித்து, உப்பு எவ்வளவு, அது வந்த வழி எது என்று காட்டியபோதுதான் அது சான்றாயிற்று.

நிபுணர் சொல் முடிந்த முடிவு ஆகாது

இவ்வளவு சொல்லியதனால் நிபுணர் வாக்கே வேதம் என்று எண்ணிவிடலாகாது. அவர் தம்மை அழைத்த கட்சிக்காரரின் ஆள் அல்லர். நீதிமன்றத்துக்கு உண்மையை விளக்கக் கடமைப்பட்டவர். ஒரு தரப்பு நிபுணர் சொன்னதை மறு தரப்பு நிபுணர் மறுக்கலாம். எதனை ஏற்பது என்று முடிவு செய்பவர் நீதிபதியே.

இதற்கு ஹிமாசலப் பிரதேச வழக்கு ஒன்று நல்ல சான்று. அது விபத்து வழக்கு அன்று. உழவர் பற்றியதாதலால் இங்கே சொல்லத் தக்கது. அங்கே ஆப்பிள் மரங்களில் ஸ்காப் என்னும் நோய் கண்டபோது, நோயுற்ற பழங்களை அரசே வாங்கிக் கொண்டது. சில தோட்டக்காரர்கள் விளைந்ததற்கு மேல் கணக்குக் காட்டிப் பணம் பெற்றனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. தோட்டக்கலை அதிகாரி ஒருவர் தோட்டங்களைப் பார்வையிட்டு, இவ்வளவுதான் விளைந்திருக்க முடியும் என்று சாட்சியம் கூறினார். 1999-ல் சுப்ரீம் கோர்ட் அம்மதிப்பீட்டை நம்பத் தக்கதாக ஏற்கவில்லை. நிபுணரின் சாட்சியம் ஆலோசனை போன்றது. தாம் எந்த அளவுகோலைக் கொண்டு முடிவுக்கு வந்தார் என்பதை அவர் நீதிபதியின் முன் வைத்தல் வேண்டும். அதனைக் கொண்டு நீதிபதி தாமே முடிவு செய்வார் என்று விளக்கப்பட்டது. அதிகாரி என்னும் பதவி ஒருவரை நிபுணர் ஆக்கிவிடாது என்பதை அரசு ஊழியராகிய நாங்களும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இத்துறையில் உமது பயிற்சியும் அனுபவமும் யாவை? நீர் எவற்றைப் பார்த்தீர், எவற்றை அளந்தீர்? உமது முடிவுக்குக் காரணம் என்ன? இம்மூன்றுக்கும் விடை உள்ள அறிக்கையே நிற்கும்.

விபத்து நேர்ந்தவுடன் செய்ய வேண்டுவன

நிபுணர் எவ்வளவு கற்றவராயினும், இல்லாத பொருளைச் சோதிக்க முடியாது. தடயம் அழிவது முதல் நாளில். நிபுணர் வருவதோ பல நாள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் தடயத்தைக் காக்கக் கூடியவர்கள் ஊராரும் பஞ்சாயத்தாருமே. உயிரைக் காப்பதே முதற் கடமை. அதனை அடுத்துச் செய்ய வேண்டுவன வருமாறு:

1. மின்சார விபத்தாயின், மின்சாரம் நிறுத்தப்பட்டதாக உறுதி தெரியும் வரை எவரும் கம்பியையோ அடிபட்டவரையோ தொடலாகாது. போலீஸ் நிலையத்துக்கும் மின் அலுவலகத்துக்கும் உடனே தகவல் தர வேண்டும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி, மனிதருக்கோ கால்நடைக்கோ மின்சாரத்தால் உயிர்ச்சேதமோ காயமோ நேர்ந்தால் அது மின் ஆய்வாளருக்கு அறிவிக்கப்படல் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரும் தனியே எழுதி அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்வது நலம். அறுந்த கம்பித் துண்டை மகஜரில் சேர்க்குமாறு போலீசாரிடம் கேட்க வேண்டும்.

2. பூச்சிமருந்தினால் மயக்கம் நேர்ந்தால், டப்பாவைக் கழுவாமல், சீட்டைக் கிழிக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என்பவை படிப்படியே குறைந்தவை. கடை ரசீதையும் தொகுதி எண்ணையும் பத்திரப்படுத்த வேண்டும். மருந்தில் கலப்படம் இருப்பதாக ஐயம் தோன்றினால் பூச்சிமருந்து ஆய்வாளரிடம் முறையிடலாம். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் எடுக்கும் மாதிரி மூன்று பங்காக்கப்படும். ஒரு பங்கு சோதனைச் சாலைக்கும், ஒரு பங்கு நீதிமன்றத்துக்கும் செல்லும்.

3. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்கினால், இயந்திரத்தை அன்றே பழுது பார்த்து ஓட்டிவிடலாகாது. காப்பு மூடி இருந்ததா, தானியம் இடும் வாயின் நீளம் எவ்வளவு என்பவற்றை அளந்து குறிக்க வேண்டும். இத்தகைய இயந்திரங்களின் பாதுகாப்புக்கும், விபத்துக்குள்ளானவரின் ஈட்டுக்கும் வழிசெய்ய 1983-ல் பார்லிமெண்ட் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியுள்ளது.

4. இடத்தைக் கைப்பேசியில் படம் எடுக்கும்போது, அளவு தெரியும்படி ஓர் அளவுகோலோ மண்வெட்டியோ அருகில் வைக்க வேண்டும். மூலப் படத்தை அழிக்கலாகாது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சான்று தேவை. புதிய சாட்சியச் சட்டத்தின்படி அச்சான்றில் நிபுணர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும்.

5. இறப்பு நேர்ந்தால் பிரேத பரிசோதனையைத் தவிர்க்க முயலக் கூடாது. உறவினர் துயரத்தில் மறுப்பது இயற்கையே. ஆனால் அந்த ஓர் அறிக்கை இல்லாவிடில், பின்னர் எந்த நிபுணரும் இறப்பின் காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. பெரியவர்கள் இதனை அவர்களுக்குப் பரிவோடு எடுத்துரைக்க வேண்டும்.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், குறைந்த வருமானமுடையோர் முதலியவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நேரில் இடத்தைப் பார்த்து அறிக்கை தரவும், விஞ்ஞான முறையில் ஆராயவும் கமிஷனரை நியமிக்குமாறு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளைப்படி நீதிமன்றத்தைக் கேட்கவும் வக்கீலுக்கு வழி உண்டு.

விபத்துக்கு முன்னரே நிபுணரை அழைப்போம்

16-7-2004 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டதை நம் வட்டாரத்தில் மறந்தவர் இலர். கூரை வேய்ந்த கொட்டகை, குறுகிய படிக்கட்டு, சமையலறை நெருப்பு ஆகியவை பற்றி அதன் பின்னர் விசாரணைக் கமிஷனும் நீதிமன்றமும் விரிவாக ஆராய்ந்தன. தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 30-7-2014-ல்தான் வந்தது. பத்து ஆண்டுகள் சென்றன. அத்தனை சாட்சியமும் ஒரு குழந்தையையும் மீட்டுத் தரவில்லை. கீற்றுக் கொட்டகையில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பதைத் தீயணைப்பு அலுவலர் ஒருவர் அரைமணி நேரப் பார்வையில் முன்னதாகவே சொல்லியிருக்கக் கூடும்.

நிபுணரை வழக்கு மன்றத்துக்கு மட்டும் அழைக்க வேண்டும் என்னும் விதி எதுவும் இல்லை. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் கட்டடத்தைப் பொறியாளரும் தீயணைப்புத் துறையினரும் பார்வையிடும்படி பஞ்சாயத்து எழுதிக் கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாழத் தொங்கும் கம்பிகளையும், சாய்ந்த கம்பங்களையும் வார்டு உறுப்பினர்கள் பட்டியலிட்டு மின் அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெறலாம். கிராம சபையில் அப்பட்டியலைப் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். குறை அதனால் நீங்கினால் ஓர் உயிர் பிழைத்தது. நீங்காமல் விபத்தே நேர்ந்துவிட்டாலும், முன்பே எச்சரிக்கப்பட்டது என்பதற்கு அத்தீர்மானப் புத்தகமே பாதிக்கப்பட்டவரின் வக்கீல் கையில் உறுதியான ஆதாரமாக நிற்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பட்டியலைத் தொடங்கி வைப்பார்களாக.